ரேடியோக்காரரின் தலையணை

டாக்டரம்மா மார்க்கரை வயிற்றில் வைத்ததுமே டிக்கெட் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இடது இடுப்பில் புறப்பட்ட ஊதாக் கோடு ஆறு மாதிரி வளைந்து வளைந்து போய், வலது இடுப்பைச் சேர்வதற்குள் மை தீர்ந்து வேறு மார்க்கர் வரவழைத்தார்கள். அப்பேர்ப்பட்ட வயிறு! மூன்று பிள்ளைகளைச் சுமந்தது. உடம்பெல்லாம் இளைத்த பிறகும் அது மட்டும் காலி மூட்டையாய்த் தொடைமேல் சரிந்து கிடந்தது. சினிமா தியேட்டர் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்த காலமெல்லாம் அவள் கல்லா டிராயரைக் கையால் மூடியதில்லை. வயிற்றால் ஒரே இடி; உள்ளே கடைசி வரிசையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான்.

கண்ணாடி முன்னால் ஒரு தடவையாவது மூச்சை இழுத்துப் பிடிக்காமல் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த வயிற்றில் தலை வைத்தால்தான் புருஷனுக்குத் தூக்கம். ரேடியோ ரிப்பேர் செய்த மனுஷன். உள்ளே குடல் முனகுவதைக் காது கொடுத்துக் கேட்டு, "இன்னைக்கு ஸ்டேஷன் தெளிவா கிடைக்குது" என்றபடியே கண்ணயர்வார். தொங்கும் வயிற்றை வெட்டியெடுக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டபோது, "உன் வயிறும்மா, என்னை ஏன் கேக்குற?" என்றார். அந்த மதியம் மட்டும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் மிச்சம் வைங்க டாக்டர்."

"எதுக்கும்மா?"

"வீட்ல ஒருத்தருக்குத் தலையணை."

மயக்கம் ஏறியதும் வயிறு அவளைவிட்டு மெல்லக் கழன்று, மேகமாய் ஜன்னல் வழியே மிதந்துபோனது. கீழே அவர் ஏரியல் கம்பியைத் தூக்கிக்கொண்டு, கூரை கூரையாய்த் தாவி, அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் இடுப்பில் இறுக்கமான பெல்ட். தையல் இழுக்கும், நிமிரக் கூடாது என்று உத்தரவு. வராந்தாவில் அவள் குனிந்து நடந்தாள். பக்கத்தில் அவரும் குனிந்து நடந்தார்.

"உங்களுக்கு என்ன கேடு? நிமிந்து நடங்களேன்."

"நீ தனியா தரையைப் பாத்துட்டுப் போனா போரடிக்குமே."

எதிர்வீட்டுக்காரியும் ஓடிவந்து குனிந்துகொண்டாள். "என்னக்கா தொலைஞ்சுது?"

"இவரோட தலையணை" என்றாள் டிக்கெட் அம்மா. சிரித்ததில் தையல் சுரீரென்றது. அவர் சிரிக்கவில்லை.

மதியங்களில் அவர் நாற்காலியில் கண் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். கேட்டால், "தூக்கமே வரலம்மா, வயசாச்சுல்ல" என்பார். இவள் பழக்கதோஷத்தில் சமையலறை டிராயரை வயிற்றால் தள்ளுவாள். வயிறு போய்ச் சேராது. டிராயர் வாயைப் பிளந்தபடியே இருக்கும்.

பெல்ட்டைக் கழற்றலாம், தலை வைத்தாலும் பரவாயில்லை என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்ன மதியம், அவள் முதலில் கண்ணாடி முன்னால் நின்றாள். மூச்சை இழுக்கவில்லை. பிறகு போய்ப் படுத்து, "ஏங்க, வாங்க" என்றாள்.

"வலிக்குமே."

"மரத்துக் கிடக்கு. வாங்கன்னா."

முட்டையை வைப்பதுபோல் தலையை வைத்தார். அவளுக்கு எதுவுமே தெரியவில்லை, பாரமில்லை, சூடில்லை. யாருடைய வயிற்றிலோ யாரோ படுத்திருப்பதுபோல இருந்தது. கூரையைப் பார்த்தபடியே கையை நகர்த்தித் தேடினாள். நரைமுடி தட்டுப்பட்டது, அப்புறம் காது.

"ஸ்டேஷன் கிடைக்குதா?"

"உஷ்... திருப்பிட்டிருக்கேன்."

ஜன்னல் திரை உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். விரல்மேல் அந்தக் காது தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கனக்கத் தொடங்கியது.