கடைசிப் பனி

திராட்சைக்குப் பேர்போன லாங்கே மலைகளில் பிப்ரவரி வந்துவிட்டால் ஆண்களுக்குச் சரிவுகளைப் பார்ப்பதே வேலை. பனி முதலில் எங்கே உருகுகிறதோ அங்கே நெபியோலோ திராட்சை. கடைசிவரை எங்கே கிடக்கிறதோ அங்கே ஹேசல் கொட்டை மரம். அப்பாவின் நிலமும் அந்தக் கணக்கில்தான் பிரிந்தது. அண்ணன் ஜெர்வாசியோவுக்கு வெயில் விழும் தெற்குச் சரிவு, தங்கை ஒத்தாவியாவுக்கு வடக்கு. பெண் பிள்ளைக்கு அது போதுமாம்.

அவள் கொட்டை மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டு நெபியோலோவையே நட்டாள். ஊர் வாய்விட்டுச் சிரித்தது. தங்கச்சி வினிகர் வியாபாரம் தொடங்கப் போகிறாள் என்று அண்ணன் போகிற இடமெல்லாம் சொன்னான். முதல் சில வருடங்கள் பழம் பல் கூசும் புளிப்புதான். அந்த ஒயினையும் அவள் பாட்டிலில் அடைத்து, கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கே அனுப்பிவைத்தாள்.

பிறகு கோடைகள் மாறின. ஒரு வருடம் மழை எட்டியே பார்க்கவில்லை. தெற்கே பழங்கள் கொடியிலேயே வெந்து சுருங்கின. வடக்கே கொத்துகள் கிண்ணென்று தொங்கின.

அறுவடை நெருங்கும்போது ஜெர்வாசியோ வந்தான். ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டு, விதையைக் கடித்துப் பார்த்தான். கேட்காமலே இன்னொன்றையும் கிள்ளினான்.

"இதையெல்லாம் என் தொட்டியில கொட்டிடு. என் சரிவு பேர்ல போகட்டும், ரெண்டு மடங்கு விலை தர்றேன். உன் சரிவு பேரைப் போட்டா எவன் வாங்குவான்?"

அவளுடைய பிழியும் பொறி உயிரை விட்டுக்கொண்டிருந்தது. பணம் தேவைதான், ஆசையும் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அப்படி ஆசைப்பட்டதற்கே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பழம் வேணும், பேரு வேணாம். அப்பாவும் இப்படித்தாண்ணே, வேலைக்கு நான் வேணும், நல்ல பங்குக்கு வேணாம். ஒரு கொத்துகூட வராது, போ."

குடும்பம், ரத்தம் என்று அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவள் கூடைகளைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த ஒயின் பீப்பாயில் பக்குவப்பட்டதும் 'கடைசிப் பனி' என்று பேர் ஒட்டி, வாங்குகிறவர்களைப் பிப்ரவரியில் அழைத்தாள். வடக்குச் சரிவு வெள்ளையாகக் கிடந்தது. அவர்கள் பனியில் நின்றபடியே குடித்தார்கள், மறுபடியும் கேட்டார்கள்.

முகட்டில், பனி உருகிய தன் பக்கத்து மண்ணில், ஜெர்வாசியோ நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு கோப்பையை உயர்த்திக் காட்டினாள்.

"அங்க கொண்டுவந்து தர மாட்டேன். வேணும்னா இறங்கி வாண்ணே."

அவன் தன் புதுக் காலணியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு முழங்கால்வரை பனியில் புதையப் புதைய இறங்கி வந்தான்.