கிண்ணத்தின் உள்ளடியில்

கும்மாயக் களிக்கு அடியில் விரல் போகிறது, கருப்பட்டியிலும் நெய்யிலும் வழுக்கிக்கொண்டு, பச்சைக் கண்ணாடிக் கிண்ணத்தின் உள்ளடியில் சின்னதாக ஒரு மேடு, அதைத் தொட்டதும் நின்றுவிடுகிறது, உமையாளுக்கு இது மட்டும் எப்போதும் தெளிவு, எந்த வீடு, பக்கத்தில் இருந்தது யார் என்பதுதான் கலங்கிப்போகிறது, ஒரு நாள் நினைத்தால் அது பிறந்த வீடு, ஆத்தா வழித்துக் கொடுத்த கடைசி வாய், மறுநாள் நினைத்தால் இந்த வீடு, கல்யாணமாகி வந்த புதிது, எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பினாங்குக்குக் கப்பலேறப் போகிறவர் அவள் விரலைப் பிடித்துக் கிண்ணத்துக்குள் அழுத்துகிறார், இந்தா, தடவிப் பாரு, நட்சத்திரம். அவர் போனார், அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார் என்று தந்தி வந்தது, பிள்ளையும் இல்லை, அந்த மத்தியானத்துக்குச் சாட்சியும் இல்லை, ஆசைப்பட்டுக் கண்ட கனவைத்தான் நடந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று கேட்டுக்கேட்டே தலை நரைத்துவிட்டது.

இன்று பங்கு பிரிக்கிறார்கள், வளவு முற்றம் முழுக்கச் சாமான்கள், பித்தளையிலும் வெள்ளியிலும் பேர் வெட்டியிருக்கும், பெண் கொண்டுவந்த சீர் எது, வீட்டுப் பொது எது என்று பார்த்ததுமே தெரியும், கண்ணாடியில் யார் உளி வைப்பார்கள், உடைந்துபோகாதா, அவளுடைய பித்தளையெல்லாம் எப்போதோ விலைபோய்விட்டது, மிச்சம் இத்தனை வருஷம் சாமான் அறைப் பூட்டுக்குள் கிடந்து இன்றைக்கு வெளியே வந்த இந்தக் கிண்ணம்தான், அதுவும் அவளுடையதானால். பிறந்த வீட்டில் அவள் அப்பச்சி வாங்கிய கண்ணாடியெல்லாம் மீன் முத்திரைக் கம்பெனி, இந்த வீட்டார் வாங்கியதெல்லாம் நட்சத்திர முத்திரை, செய்தவன் யார் என்று தெரிந்தால் வீடும் தெரிந்துவிடும். சின்னாத்தா, ஒங்க சீருன்னா நீங்களே வச்சுக்கங்க, பொதுன்னா வெலைக்கு எடுக்க வந்திருக்குற பாய்க்குத்தான், இல்லாட்டி ஆளாளுக்குக் கேப்பாக, என்கிறான் அவள் கணவரின் அண்ணன் மகன் சாத்தப்பன், கெட்டவன் இல்லை, பங்காளிகளுக்குப் பயந்தவன். பழைய சாமான் வாங்க வந்த ரபீக் பாய் கிண்ணத்தைக் கவிழ்த்து, லென்ஸை வைத்து, வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார், அச்சுல வார்த்த கோடு இருக்கு ஆச்சி, முத்திரையைத்தான் காணோம், என்கிறார். வயித்துல இருக்குறத முதுகுல தேடுனா எப்படி பாய், உள்ளே பாருங்க, என்று சிரிக்கிறாள், அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. பாய் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார், ஆமா, ஒரு மேடு இருக்கு, கரண்டி பட்டுப் பட்டுத் தேஞ்சுபோச்சு, மீனா நட்சத்திரமா என் கண்ணுக்குப் பிடிபடலை, ஆச்சி சொல்றதுதான் சரி. மீனுன்னு சொல்லிருங்களேன் என்று சாத்தப்பன் முகமே கெஞ்சுகிறது.

தண்ணீருக்குள் விரல் போகிறது, மீனாக இருந்தால் நீளமாக ஓட வேண்டும், ஓடவில்லை, ஒரு முனை குத்துகிறது, பக்கத்தில் இன்னொன்று, சுற்றி வந்தால் ஐந்தும் இருக்கின்றன, அவள் நகத்தின் மேல் அவருடைய கட்டைவிரல் அழுத்துகிறது, வாயில் நெய் மணக்க அவர் சிரிக்கிறார், நடந்திருக்கிறது, கனவில்லை, நடந்தேயிருக்கிறது. மீன் என்று ஒரு சொல் சொன்னால் கிண்ணம் மடியில், ஆனால் அந்த வாயாலேயே அந்த மத்தியானத்தையும் இல்லையென்று ஆக்கிவிட வேண்டும், கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா. நட்சத்திரம்தான், என்கிறாள், நல்லாத் தெரியுது. சாத்தப்பன் தலையைக் குனிந்துகொள்கிறான், பாய் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை வைக்கோலில் பொதிகிறார்.

அடுப்படியில் வந்து உட்கார்ந்தபிறகும் விரலில் ஈரம் காயவில்லை, அந்த விரல் போகிறது, நெய்யில்லை, கண்ணாடியில்லை, தன் உள்ளங்கையிலேயே சுற்றிச் சுற்றிப் போய் நடுவில் நின்றுவிடுகிறது, அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்று இனிமேல் கலங்காது, இன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.