முதல் மிடறு

1.

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் போயிருக்க வேண்டியது. பத்திரிகை ஒன்றின் சுகாதாரப் பக்கத்துக்கு, பயணத்தில் உடம்பைக் காக்கும் கைமருந்துகள் பற்றி எழுதச் சொன்னார்கள். உடனே ஒத்துக்கொண்டேன். கற்பிட்டிப் பக்கத்து ஆலங்குடாவில் என் பக்கத்து வளவிலேயே ஸுலைஹா ராத்தா (எங்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன்) இருக்கும்போது எனக்கென்ன கவலை? ஊரில் யார் உம்றா யாத்திரைக்குப் போனாலும், கட்டாருக்கு வேலைக்குப் போனாலும், பொதி கட்டுவதற்கு முன் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

இப்படித் தொடங்கினேன்:

பயணம் என்பது உடலுக்கு ஒரு சோதனை. நமது முன்னோர்...

சீ! நானே வாசிக்கமாட்டேன். அடித்துவிட்டேன். மறுபடியும்:

பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள் இஞ்சித் துண்டொன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். தேசிக்காயை (எலுமிச்சைதான்) நகத்தால் கீறி மணந்தாலும் கேட்கும். தடிமனுக்குக் கொத்தமல்லியும் மரமஞ்சளும்* அவித்துப் பிளாஸ்கில்...

இது பரவாயில்லை. இதையே முடித்து அனுப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். மிச்சத்தைக் கேட்டு எழுதப் போன நேரம் பார்த்து ராத்தா வீட்டில் சண்டை.

(*சிங்களத்தில் வெனிவெல். குடித்தால் நாள் முழுக்க வாய் கசக்கும். கட்டுரைக்கு எடுத்த குறிப்பு, கதைக்குத் தேவையில்லை. கிடக்கட்டும்.)

2.

சண்டை ராத்தாவுக்கும் அவர் கணவர் ஜப்பார் நானாவுக்கும். இருவரும் மன்னாரில் பிறந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தோணியில் கற்பிட்டி வந்து இறங்கியவர்கள். பிறகு இங்கேயே பிள்ளைகள் பெற்று, கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டார்கள். இப்போது நானா ஆள் வைத்து மன்னார்க் காணியைத் துப்புரவாக்கி, கிணற்றையும் இறைத்து வைத்திருக்கிறார். மிச்சக் காலத்தை அங்கே கழிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ராத்தா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் போய்ப் பார்ப்பது, அங்கே வைத்து முடிவு செய்வது என்று பேச்சு.

அந்தப் பயணத்துக்குத்தான் ராத்தா மருந்து கட்டினார். ஓமம், சுக்கு, மாதுளந்தோல், மூன்றையும் வறுத்து இடித்த தூள். கூடவே இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல். அவர் முறைப்படி, புது ஊரில் குடிக்கும் முதல் மிடறு அந்த ஊர்த் தண்ணீராக மட்டும் இருக்கக்கூடாது. கோப்பையில் பாதி அந்த ஊர்த் தண்ணீர், பாதி சொந்த ஊர்த் தண்ணீர், ஒரு சிட்டிகை தூள். அதைக் குடித்தபிறகு எந்தத் தண்ணீரும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமாம். (விஞ்ஞானம் கேட்கிறவர்கள் வேறு யாரிடமாவது கட்டுரை வாங்கிக்கொள்ளுங்கள்.)

ஜப்பார் நானா போத்தலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ன புள்ள இது?"

"முதல் மிடறுக்கு."

"அது பிறத்தி ஊருக்குப் போறவனுக்கு. நான் என்ட ஊருக்குப் போறன். என்ட கெணத்துத் தண்ணிக்கு எனக்கே மருந்தா?"

"எத்தின வருசமாச்சி அந்தத் தண்ணி ஒங்கட வகுத்துல பட்டு? வகுறு மறந்திரிக்கும்."

"வகுறு மறந்தா மறக்கட்டும். நான் மறக்க இல்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

3.

வீட்டுக்கு வந்து கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கதை எழுதினேன். அதில் ஜப்பார் நானா ஒரு பிடிவாதக்கார மனிதர். முடிவும் கையோடு வந்தது:

முடிவு (அ): மருந்தைத் தொடாமல், தன் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு அண்ணாந்து குடிக்கிறார். வயிற்றாலடி. துவண்டுபோய்த் திரும்பி வருகிறார். இனி மன்னார்க் கதையே இல்லை. சொந்த மண்ணே அவரை...

ஓகோ என்று எனக்கே பிடித்துவிட்டது. மறுநாள் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாச்சியில் ஓமம் வறுத்துக்கொண்டிருந்தவர் அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஒனக்கு வெக்கமில்லயா? என்ட மனுசனப் பைத்தியக்காரனாக்கி வெச்சிரிக்காய்."

"நீங்கதானே ராத்தா அவரோட சண்ட புடிச்சீங்க?"

"நான் புடிப்பன். நீ யாரு?"

ஓமம் கருகத் தொடங்கியது. அவர் தாச்சியை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்கட மூத்தவன் ஒருத்தன் இருந்தான். இனாஸ். தவழுற புள்ள. இந்த மருந்து என்ட உம்மாட கைப்பழக்கம், எங்க போனாலும் கட்டித்தருவா. எங்கள வெரட்டின அண்டைக்கு உடுத்த உடுப்போட வந்தம். தூளும் இல்ல, தண்ணியும் இல்ல. இஞ்ச முகாம்ல மண்ணத் தோண்டி எடுத்த தண்ணிதான். புள்ள தாகத்துல கத்துறான். அவருதான் கையால ஊட்டினாரு. குடுக்காம என்ன செய்ற?"

கருகிய ஓமத்தை முறத்தில் கொட்டினார்.

"வகுத்தால போய்ப் போய்ப் புள்ள மௌத்தாப் போயிட்டான். பள்ளிவாசல் மையவாடியிலதான் அடக்கினம். அதுக்குப் பொறகு அவரு இந்த ஊர்ப் பச்சத் தண்ணிய வாயில வெச்சத நான் காண இல்ல. பிளேன்டீ எண்டாக் குடிப்பாரு. நீ அதக் கண்டியா? கண்டிரிக்கமாட்டாய்."

உண்மைதான். இத்தனை வருடம் பக்கத்து வளவில் இருந்தும் நான் காணவில்லை.

"அப்ப அவரோட மன்னாருக்கே போயிரலாந்தானே ராத்தா?"

"இனாஸத் தனிய உட்டுட்டா?"

4.

இதற்குப் பிறகு முடிவு (அ)வை எப்படி வைத்திருப்பது? கிழித்துவிட்டேன். வேறு எழுதிப் பார்த்தேன்.

முடிவு (ஆ): கிணற்றடியில் நானா மனம் மாறிக் கோப்பையை நீட்டுகிறார். ராத்தா கலந்து கொடுக்கிறார். இருவர் கண்ணிலும்...

(இல்லை. கலியாண வீடியோ மாதிரி இருக்கிறது.)

முடிவு (இ): ராத்தா எதையும் கலக்காமல் மன்னார்த் தண்ணீரைத் தானே முதலில் குடிக்கிறார். அங்கேயே தங்க

வசனம் பாதியில் நிற்கிறது. அதை முடிக்க எனக்குத் துணிவில்லை. ராத்தாவிடம் சொன்னபோது அவர் கோபிக்கவும் இல்லை.

"நாங்க இன்னம் பஸ்ஸே ஏற இல்ல. நீ ஏன் எங்களுக்கு முந்திப் போறாய்?" என்றார்.

5.

வெள்ளிக்கிழமை விடிய, வழியனுப்பப் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். பள்ளிவாசலுக்கு நேர் முன்னால்தான் தரிப்பு. பஸ் வந்து நின்றது. ஏறும் நேரத்தில் ஜப்பார் நானா பையைத் திறந்து உள்ளே துழாவினார்.

"போத்தல் எங்க?"

"வீட்டுல. நீங்கதானே வேணாண்டீங்க," என்றார் ராத்தா.

நானா பையை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒங்கட போத்தலத் தாங்க."

கையிலிருந்த போத்தலைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. வீதியைக் கடந்து, பள்ளி மதிலைச் சுற்றிக்கொண்டு, மையவாடிக் கிணற்றுப் பக்கம் நடந்தார். கொண்டக்டர் பஸ்ஸில் தட்டினான். ட்ரைவர் ஹோர்ன் அடித்தார்.

ராத்தா மிதிபலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். "என்ட மனுசன் வரும்வரைக்கும் பஸ் நிக்கும்," என்றார். நின்றது.

நானா திரும்பி வந்தார். போத்தல் நிறைந்திருந்தது. அவர் தாடியும் சேர்ட்டின் முன்பக்கமும் நனைந்திருந்தன. முகம் கழுவினாரா, குடித்தாரா? எனக்குத் தெரியாது. ராத்தா கேட்கவில்லை. முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். தூளை விட்டுவிட்டு வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ் போனது. நான் வீதியில் நின்று அழுதேன்.

6.

பத்திரிகைக்கு இஞ்சியையும் தேசிக்காயையும் அனுப்பிவிட்டேன். இதை அனுப்பவில்லை. இதற்கு முடிவில்லை. நான் இதை எழுதும்போது அவர்கள் இன்னும் வழியில் இருக்கிறார்கள். போனில் கோல் எடுத்துக் கேட்கலாம். கேட்கமாட்டேன், முந்திப் போகாதே என்று ராத்தா சொல்லியிருக்கிறார்.

அங்கே கிணறு இறைத்துச் சுத்தமாக இருக்கிறது. வாளியில் வரும் தண்ணீர் பாதிக் கோப்பை. மிச்சப் பாதி, மையவாடிக் கிணற்றுத் தண்ணீர், நானாவின் மடியில், என்னுடைய போத்தலில் இருக்கிறது. யார் ஊற்றுவது, யார் முதலில் குடிப்பது, குடித்தபிறகு எந்த ஊரில் இருப்பது, எல்லாவற்றையும் உங்களிடம் விடுகிறேன். நீங்கள் யாரைக்கொண்டு ஊற்றினாலும் சரி. சிந்தாமல் ஊற்றச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை தன் ஊருக்குத் திரும்பிப் போவது இதுதான் முதல் தடவை.