ஐந்தாவது கை

அன்று காலை ஆறரைக்கு டோர்ஃபி வெந்நீர்த் தொட்டிக்குப் போகவில்லை. சமையலறை மேசைமேல் ஒரு பாட்டில் பிரென்னிவீன் சாராயத்தை வைத்து அதன் எதிரே உட்கார்ந்திருந்தான். ஏழு மாதமாகத் தொடாத சரக்கு. மூடியை இன்னும் திறக்கவில்லை. பதினொரு மணிக்கு உன்னூர் என்ற அவன் மகளுக்குத் தேவாலயத்தில், விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் திடப்படுத்தல் சடங்கு, பிறகு விருந்து. போன வருடம் மைத்துனி கல்யாணத்தில் குடித்துவிட்டு மூன்றடுக்குக் கேக்மேல் விழுந்தவன், அதே சொந்தக்காரர்கள் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? ஒரு மடக்கு போதும் என்று தோன்றியது. அவனுக்கு ஒரு மடக்கு ஒரு மடக்கோடு நின்றதே இல்லை. குடித்தால் மகளைப் பார்க்கப் போக முடியாது என்பதும் தெரியும்.

அந்தக் குளிர்நாட்டு ஊரில் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டிதான் நாடாளுமன்றம். கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, மந்திரிசபை முதல் அடுத்த வீட்டுக் கூரை வரை எல்லாவற்றையும் பேசிக் கை தூக்கி முடிவெடுப்பார்கள். முன்பு நாலே பேர். எதற்கும் இரண்டுக்கு இரண்டு, ஒன்றும் முடியாது. குடியை விட்ட முதல் வாரத்தில் பல் டாக்டர் தாக்னி டோர்ஃபியை இழுத்துவந்து ஐந்தாவது ஆளாக உட்கார வைத்தாள்.

ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நீச்சலுடைமேல் அங்கி, ஈரத்தலை, நாலு பேர்.

"ஏண்டா, அரை மணி நேரமா தீர்மானம் தொங்குது," என்றார் பஸ் ஓட்டும் பெர்குர். "குளத்துச் சுவருக்கு மஞ்சளா நீலமா? ரெண்டுக்கு ரெண்டு. மனுஷன் எவ்வளவு நேரந்தான் வேகறது?"

"மஞ்சள் கண்ணு கூசும்," என்றாள் தபால்கார எய்தீஸ்.

"நான் எதச் சொன்னாலும் உனக்குக் கூசும்."

பேசிக்கொண்டே உள்ளே வந்தவர்கள் பாட்டிலைப் பார்த்தார்கள். டோர்ஃபிக்கு அவமானத்தில் காது சுட்டது. நாலாமவரான பால்மி, கொண்டுவந்த பணியாரப் பொட்டலத்தைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். அவரும் பழைய குடிகாரர்தான். விட்டுப் பதினோரு வருடம்.

"மஞ்சள் கெடக்கட்டும்," என்றாள் தாக்னி. "புதுத் தீர்மானம். இத ஸிங்க்ல ஊத்தணும்ங்கறவங்க கை தூக்குங்க."

அவளும் பெர்குரும் தூக்கினார்கள்.

"வேண்டாம்ங்கறவங்க?"

எய்தீஸ் தூக்கினாள். பால்மியும் தூக்கினார், கூரையைப் பார்த்தபடி.

"பால்மி, நீங்களா?" என்றான் டோர்ஃபி.

"என் ஓட்டு, என் இஷ்டம். ரெண்டுக்கு ரெண்டுடா. சட்டுன்னு சொல்லு, ஈரத்துணி குளிருது."

இந்த ஏழு மாதத்தில் எய்தீஸும் பால்மியும் ஒரு தடவைகூட ஒரே பக்கம் ஓட்டுப் போட்டதில்லை. அது டோர்ஃபிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முடிவு அவன் கையில் இருக்கட்டும் என்றே சமன் செய்திருக்கிறார்கள். மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"மூணுக்கு ரெண்டு. நிறைவேறிச்சு," என்றாள் தாக்னி.

அவனே மூடியைத் திறந்து, அவனே ஸிங்கில் ஊற்றினான். கடைசிச் சொட்டுவரை யாரும் உதவிக்கு வரவில்லை.

தேவாலயத்தில் அவனோடு ஒரே பெஞ்சில், மறுபடி தொட்டியில் முங்கி வந்த நாலு ஈரத்தலைகள். விருந்தில் டோர்ஃபியைக் கேக் பக்கம் விடலாமா என்று கிசுகிசுவென ஓட்டெடுத்தார்கள். கூடாது என்று முதன்முறையாக நாலு கையும் ஒன்றாக எழுந்தது. அதற்குள் உன்னூர் கத்தியோடு அவனிடம் வந்துவிட்டாள்.

"நீயே வெட்டுப்பா."

சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவன் கத்தியை வாங்கிக்கொண்டான். கேக் கோணலாக வெட்டுப்பட்டது, ஆனால் நின்றது.