ஒருவரும் நிற்கக் கூடாது

கிடங்கின் ஷட்டரை இரண்டு கையாலும் மேலே தள்ளிவிட்டு உள்ளே பார்த்த பிறகுதான், உள்ளே ஒன்றும் இருக்காது என்பது அவளுக்கு நினைவு வந்தது. சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் நேற்று மாலையே லாரி ஏறிப் போய்விட்டன. மூலையில் கால் உடைந்த ஒன்று மட்டும் சாய்ந்துகிடந்தது. முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொள்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் அவள் புருஷன் கொடுத்திருப்பார்.

வீட்டுக்குள் அவர் படுத்திருந்தார். விடிந்ததும் டீயோடு போய் எழுப்பினாள், எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டார், ஒரு சிரமமும் தெரிந்திருக்காது என்றார். கல்யாணம், கூட்டம், சாவு என்று ஊரில் எது நடந்தாலும் நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர் அவர்தான். ஊருக்கு அவர் சேர்க்காரர், இவள் சேர்க்காரம்மா. இப்போது சேர்க்காரர் சாவுக்கு வந்தவர்கள் உட்கார ஒரு சேர் இல்லை.

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அழுகையும் வந்துவிடும் போலிருந்தது. எது முந்திக்கொள்ளும் என்று தெரியாமல் ஷட்டரை இழுத்து மூடினாள்.

வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் நின்றார்கள். சுவரில் சாய்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்கள். கொழுந்தன் கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலை விட்டதே தவிர வாய் விடவில்லை.

"உள்ள இடம் இருக்கு, உள்ள தள்ளி நில்லுங்க. எல்லாரும் வாசல்லயே தொங்கினா எப்படி?"

செத்தவரின் அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, நிற்க முடியாது. காலையில் ஓடிவந்த சேர்க்காரம்மா மகளின் பயணப் பெட்டியைப் படுக்கப்போட்டு அதன்மேல் உட்காரவைத்திருந்தார்கள். அது சக்கரம் வைத்த பெட்டி. "தம்பீ!" என்று அவர் குரலெடுத்து அழும்போதெல்லாம் பெட்டி ஒரு சாண் முன்னால் போனது. மகள் காலால் அதற்கு அணை கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, வீட்ல நாலு சேர் இருந்துச்சே, எங்கம்மா?" என்று கிசுகிசுத்தாள்.

"கல்யாணத்துக்குப் போயிருக்கு."

"சாப்பாட்டு மேஜை சேரா?"

"ஆமா. சமையல்கட்டு ஸ்டூலும்தான் போயிருக்கு."

தையல்காரர் மகளுக்கு இன்று கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிட அதிகம் பேர் வருகிறார்கள் என்று நேற்றுச் சாயங்காலம் தகவல் வந்து, அந்த மனுஷன் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். சேர்க்காரர் அவர் தோளில் கைபோட்டு, "உன் பொண்ணு கல்யாணத்துல ஒருத்தர்கூட நிக்கக் கூடாது. நீ போய் மத்த வேலையப் பாரு" என்றார். கிடங்கைக் காலி பண்ணியும் போதாமல் வீட்டுக்குள் புகுந்தார். வழக்கம்போல ஒவ்வொன்றிலும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லாரியில் ஏற்றினார். ஊரிலேயே அதிகமான நாற்காலிகளில் உட்கார்ந்த மனுஷன் அவர்தான். ஒன்றிலாவது நிம்மதியாக ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இவள் பார்த்ததில்லை.

"நாளைக்கு நம்ம வீட்டுக்கு நாலு பேர் வந்தா எங்க உட்காருவாங்க?" என்று இவள் வழிமறித்தாள்.

"நாளைக்கு யாரு வரப்போறா?"

"வந்தா?"

"வந்தா அவர் பாத்துப்பார்" என்று விரலை மேலே காட்டினார்.

அதுதான் கடைசிப் பேச்சு. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள், அவர் தூங்கிப்போனார்.

அந்த மேலே இருக்கிறவரோடு இவளுக்குப் பழைய மனஸ்தாபம் உண்டு. இவளும் தினம் கும்பிடுகிறவள்தான். ஆனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு நம்புகிற ரகம். புருஷன் அப்படியில்லை. ஒரு வருஷம் ஆறு பெருகிக் கிடங்குக்குள் புகுந்து நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போனது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவர் பாத்துப்பார் என்றார் இவர். கீழ்ப்பக்கத்துக் கிராமங்களில் இருந்து யார் யாரோ சைக்கிளில் கட்டியும் தலையில் கவிழ்த்தும் நாற்காலிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் இவர் போன் நம்பர் எழுதியிருந்ததே காரணம் என்பது இவள் கட்சி.

"முக்கால்வாசிதான் திரும்பி வந்துச்சு. மிச்சத்த உங்க ஆளு என்ன பண்ணாரு?" என்று கேட்டாள்.

"அவருக்கும் உட்கார வேண்டாமா?" என்றார். இவளுக்கு எவ்வளவு அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷனிடம் கோபத்தை முழுசாக வைத்திருக்க முடியாது, அதுதான் பெரிய தொல்லை.

ஒரே ஒருமுறை அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மூத்த பையனைச் சின்ன வயதிலேயே காய்ச்சல் கொண்டுபோனபோது. அப்போது வாயே திறக்கவில்லை. பல மாசம் கழித்து ஒருநாள் கிடங்கைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவன அவர் பாத்துப்பார்" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அன்றைக்கு மட்டும் இவள் எதிர்த்துப் பேசவில்லை. அவர் எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று இவளுக்குத்தான் தெரியும்.

"அண்ணி" என்று கொழுந்தன் பக்கத்தில் வந்தார். "எல்லாரும் நிக்கறாங்க. ஊர் சிரிக்கும். நான் லாரிய எடுத்துட்டுப் போய்க் கொஞ்சம் சேர் எடுத்துட்டு வந்துடறேன். நம்ம சேர்தானே?"

"போனா என்ன சொல்லுவீங்க?"

"அண்ணன் போயிட்டாருன்னு சொல்லுவேன்."

"கல்யாணப் பந்தியில நின்னுக்கிட்டா? அந்தப் பொண்ணு காதுல விழற மாதிரியா?"

"அதுக்காக அண்ணனை இப்படி அனுப்பறதா? ஆயுசு முழுக்க ஊரையே உட்கார வச்ச மனுஷன் அண்ணி அவரு!"

அவர் சொன்னதில் தப்பில்லை. இவள் நினைத்ததும் அதேதான். மற்றவர் சாவுக்கெல்லாம் வரிசை கோணாமல் நாற்காலி போட்டவரை, சந்தைக் கூட்டம் மாதிரி ஆட்கள் நெருக்கியடித்து நிற்க அனுப்புவதா? ஒரு லாரி போய்வந்தால் போதும். ஆனால் லாரி போனால் அங்கே நாலு பேர் எழுந்திருக்க வேண்டும், விஷயம் பரவும், மேளம் நிற்கும், தையல்காரர் முகம் செத்துவிடும். அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு கல்யாண நாளும் இந்தச் சாவோடு சேர்த்தே நினைவு வரும்.

"வேண்டாம். யாரும் அங்க போகக் கூடாது. கல்யாணம் முடியற வரைக்கும் யாரும் சொல்லவும் கூடாது."

"அப்ப சேருக்கு?"

"அவர் பாத்துப்பார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள். பேசியது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. உள்ளே போய் அவர் தலைமாட்டில் நின்றுகொண்டாள். நம்பிக்கையில் சொன்னேனா, வீம்புக்குச் சொன்னேனா என்று யோசித்தாள். பாதிப் பாதி இருக்கும்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். "உம்ம நம்பி வாய விட்டுட்டேன், தெரியுதா?" என்று மனசுக்குள் மேலே பார்த்துச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போது வாசலில் ஏதோ கனமாக இழுபடும் சத்தம் கேட்டது. "மெதுவா, மெதுவா, கைப்பிடி உடைஞ்சுடும்!" என்று யாரோ கத்தினார்கள். எட்டிப் பார்த்தாள். தெருமுனை முடிதிருத்தும் கடைக்காரர், இன்னும் மூன்று பேரோடு, தன் சுழல் நாற்காலியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"என்னங்க இது?" என்றார் கொழுந்தன்.

"அவருக்காகக் கடைய அடைச்சுட்டேன். சேர் மட்டும் அங்க சும்மா எதுக்கு? அந்த அம்மா பெட்டியில உருண்டுக்கிட்டு இருக்கறத ரோட்டுலேர்ந்து பார்த்தேன், மனசு கேக்கல."

அக்காவை அதில் ஏற்றினார்கள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் கீழே இருந்த மிதியை நாலு மிதி மிதிக்க, அக்கா மளமளவென்று மேலே போனார். "டேய், போதும்டா, எனக்கு முடி வெட்டப் போறியா?" என்று அழுகைக்கு நடுவில் அதட்டினார். பிறகு கூட்டத்தின் தலைக்கு மேலே இருந்து, எல்லோருக்கும் தெரியும்படி, வசதியாக அழுதார்.

அதற்குப் பிறகு தெருவுக்கே வழி தெரிந்துவிட்டது. பல் டாக்டர் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சை அனுப்பினார். எதிர்வீட்டில் இருந்து சோபாவே நடந்து வந்தது, கீழே நாலு பேருடைய கால் மட்டும் தெரிந்தது. டீக்கடை ஸ்டூல்கள், ஒரு ஆபீஸ் நாற்காலி, ஒரு வாத்தியக்காரர் வீட்டு பியானோ ஸ்டூல். மழலையர் பள்ளி டீச்சர் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் குட்டி நாற்காலிகளை இரண்டு கையிலும் கோத்துக்கொண்டு வந்து, "எங்ககிட்ட இதுதாங்க இருக்கு" என்று கூச்சப்பட்டார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று பெரிய மனசோடு கொழுந்தன் ஒன்றில் உட்கார்ந்தார். பருத்த உடம்பு. முட்டி இரண்டும் காது பக்கத்தில் போய்விட்டது. எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்தது. டீச்சர் ஒரு பக்கமும் முடிதிருத்துபவர் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள்.

"ஸ்டாப்பிங் வந்துடுச்சு, இறங்குங்க!" என்று கூட்டத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

முதலில் சிரித்தது சேர்க்காரம்மாதான். வாயைக் கையால் பொத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. மகள் அவளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேலே இருந்து அக்கா சிரித்தார். சாவு வீடு சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அதில் எது சிரித்த தண்ணீர், எது அழுத தண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது. புருஷன் செத்த அன்றைக்குச் சந்தோஷமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. "சரி, சரி. ஒத்துக்கறேன்" என்று மேலே இருக்கிறவரிடம் மனசுக்குள் சொன்னாள்.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"இப்படிக் கொட்டி வச்சா எப்படி? குட்டைய முன்னால போடுங்க, உயரத்தப் பின்னால போடுங்க. நடுவுல வழி விடுங்க, அவர் வரணும்ல?"

ஒன்றோடொன்று ஒட்டாத நாற்காலிகள். ஆனாலும் வரிசை கோணவில்லை. அவர் போட்ட மாதிரியேதான் இருந்தது. சோபாவை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கொழுந்தனுக்கும் அவளுக்கும் சின்னச் சண்டை வந்தது, அவள் ஜெயித்தாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் தையல்காரர் வந்தார். கல்யாண உடுப்போடு ஓடிவந்திருந்தார். பின்னால் மாப்பிள்ளையும் பொண்ணும்.

"சாப்பிட வருவாருன்னு அவருக்காகக் காத்துக்கிட்டே இருந்தேன் அண்ணி. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகுதான் ஒருத்தர் சொன்னாரு. ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"எல்லாரும் உட்கார்ந்தாங்களா?"

"உட்கார்ந்தாங்க. ஒருத்தர்கூட நிக்கல அண்ணி." அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

"கல்யாணப் பொண்ணு இங்கெல்லாம் வரலாமா?" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"எனக்குச் சேர் போட்டவரு. நான் வராம வேற யார் வருவா?" என்றாள் பெண். சுற்றிலும் பார்த்தாள். ஆபீஸ் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அதைத் தன் பளபளக்கும் உடை தரையில் புரள இழுத்துவந்து, சேர்க்காரம்மாவின் பின்னால் போட்டாள். "நீங்க உட்காருங்கம்மா" என்று தோளைப் பிடித்து அழுத்தினாள். விடிந்ததில் இருந்து அவள் உட்காரவில்லை என்பதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை, அவள் உள்பட.

"நேரமாச்சு அண்ணி" என்று கொழுந்தன் வந்து சொன்னார். இப்போது அவர் குரலில் கண்டக்டர் இல்லை. நாலு பேர் உள்ளே போனார்கள்.

அவரை வாசலுக்குக் கொண்டுவந்தபோது முதலில் அக்கா எழுந்தார், அந்த முட்டியோடு, முடிதிருத்துபவர் தோளைப் பிடித்துக்கொண்டு. பிறகு பெஞ்சில் இருந்தவர்கள். பிறகு சோபாவில், ஸ்டூல்களில், குட்டி நாற்காலிகளில் இருந்தவர்கள், வரிசை வரிசையாக, தெருக்கோடி வரைக்கும். மரம் இழுபட்டது, இரும்பு கிறீச்சிட்டது, பிளாஸ்டிக் உரசியது. அத்தனை நாற்காலிகளும் பின்னால் நகரும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அவள் அது அடங்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் கை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக அவளும் எழுந்தாள்.