குடும்பப் படத்தில் ஓர் ஈ

பல் டாக்டர் தன் கிளினிக்கில் மாட்டுவதற்காக ஒரு குடும்பப் படம் வரையச் சொல்லியிருந்தார். நடுவில் அவர், இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் மனைவியின் தம்பி. படம் அச்சு அசலாக வந்திருந்தது. டாக்டரின் காலரில் மட்டும் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. துண்டால் இரண்டு முறை விரட்டிய பிறகுதான் அதுவும் ஓவியம் என்று தெரிந்தது. கேட்டதற்கு, அந்த இடம் வெறிச்சென்று இருந்தது என்றார் ஓவியர். டாக்டருக்கும் பிடித்துப்போயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார்.

அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருக்கும் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தார். வாயில் பஞ்சோடு எதிர்ச்சுவரைப் பார்த்தவர், பழைய ஓவியங்களில் ஒருவர் மேல் ஈ இருந்தால் அவருக்குச் சாவு பக்கத்தில் என்று அர்த்தம் எனக் குழறினார்.

டாக்டர் அன்றே படத்தைத் தூக்கிக்கொண்டு ஓவியரிடம் ஓடினார். அழித்துவிடலாமே என்றார் ஓவியர். அழித்தால் அது எங்கே போகும் என்பதுதான் டாக்டரின் பயம். படத்துக்குள்ளேயே இருந்தால் கண் பார்வையிலாவது இருக்கும்.

"மச்சான் தோள் அகலமா இருக்கு. அங்க வச்சிடுங்க."

இந்த விஷயத்தை வாய் சும்மா இருக்காமல் சாப்பாட்டு மேசையில் உளறியதும் அவரேதான். மறுநாளே மச்சான் ஓவியரிடம் போய், தனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை, அத்தான் ஆண்டு அனுபவித்தவர் என்று மன்றாடினான். ஈ காலருக்குத் திரும்பியது. டாக்டர் அதைத் தோளுக்கு அனுப்பினார். கடைசியில் ஒரு நாள் இருவரும் ஓவியரின் வாசலில் முட்டிக்கொண்டு சட்டையைப் பிடித்துக்கொள்ள, ஓவியர் டாக்டரின் மனைவிக்குப் போன் செய்தார்.

அவள் போட்டது போட்டபடி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. என் கையில வரையட்டும்."

ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்பார்கள் என்று இருவர் முகத்தையும் பார்த்தாள். கணவர் விட்டத்தைப் பார்த்தார். தம்பி, எந்தக் கை என்று கேட்டான்.

வலது கை என்றாள் அவள்; படத்தில் ஈ அங்கே போய் உட்கார்ந்தது.

ஆனால் அன்றிலிருந்து அவர்கள் அவளை ஒரு துரும்பையும் எடுக்கவிடவில்லை. லேசாகச் செருமினால் வெந்நீர் வந்தது. டாக்டர் கையைச் சுட்டுக்கொண்டு சமைத்தார். தம்பி பாத்திரம் தேய்த்தான். அவள் காலை நீட்டி உட்கார்ந்து மத்தியானத் தூக்கம் போட்டாள்.

மனசு உறுத்திய ஓவியர் ஒரு நாள் போன் செய்து, ஈயைச் சும்மாவே அழித்துத் தருவதாகச் சொன்னார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்ங்க," என்றாள். "முடிஞ்சா என் காதுகிட்ட இன்னொண்ணு வச்சிடுங்க."

ஓவியர் வந்து வரைந்துவிட்டுப் போனார். மறுநாள் தம்பி துணியும் துவைத்தான்.