மூச்சு வாங்கும் படிவம்

நான் ஒரு முறை ஏறி இறங்கினால் எங்கள் குடியிருப்பில் ஒரு படி கூடும். அது எப்போதும் என் வாசலுக்கு மேலேதான் முளைக்கும். நான் மூன்றாம் மாடி. நான்காம் மாடியில் சங்கச் செயலாளர் பரசுராமன் மட்டும் இருக்கிறார்.

உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. பால் பொங்குவதற்குள் ஒரு முறை. குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் இரண்டு முறை. வேட்டி காய்வதற்குள் பதினோரு முறை. படிகள் கூடிவிட்டதால் இப்போது விசில் தாமதமாக வருகிறது. குக்கர் அனுசரித்துப் போகிறது.

லிஃப்ட் கதவில் பரசுராமன் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்: 'படியேறுவது உடம்புக்கு நல்லது.' சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் இருக்கிறது.

போன ஆடியில் என் மனைவி தில்லைநாயகி காய்கறிப் பையோடு இரண்டாம் மாடியில் நின்றாள். மூச்சு வாங்குது, லிஃப்ட்டைத் திறந்துவிடுங்கள் என்று அவரிடம் கேட்டாள்.

"யார்கிட்டம்மா வாங்குறீங்க?" என்றார் பரசுராமன்.

வெளியாரிடம் வாங்குவதற்குச் சங்கத்தின் அனுமதி வேண்டுமாம். படிவம் கொடுத்தார். அவள் படியில் உட்கார்ந்து பெயர் எழுதினாள். கதவு எண் எழுதினாள். 'யாரிடம் வாங்குகிறீர்' என்ற மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

அன்று லிஃப்ட்டைத் திறந்தார். அவளை இறக்குவதற்கு மட்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பயிற்சியைத் தொடங்கினேன். தை பிறந்தபோது அவர் வீடு மேகத்துக்குள் போயிருந்தது. லிஃப்ட்டின் கம்பி பழைய உயரத்துக்குத்தான் எட்டியது.

இன்று அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். என் வாசலுக்கு மேல் ஏழாவது படியில் பரசுராமன் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளைக்கு நடையை நிறுத்தக்கூடாதா என்று கேட்டார்.

"நல்லதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க."

"வீட்டுக்குப் போய் மூணு நாளாச்சு சார். மூச்சு வாங்குது."

உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வந்தேன். அதே படிவம். முதல் இரண்டு கட்டங்களில் தில்லைநாயகியின் கையெழுத்து இருந்தது. மூன்றாவதிலிருந்து தொடங்கினால் போதும் என்றேன்.

"யார்கிட்ட வாங்குறீங்க?"

அவர் என் மார்பையே பார்த்தார். அது சீராக ஏறி இறங்கியது.

"உங்ககிட்டதான் நெறைய இருக்கே. கொஞ்சம் குடுங்க சார்."

"எழுதிக் குடுங்க."

பேனாவைக் கொடுத்தேன். குக்கர் முதல் விசில் விட்டது. இன்னும் இரண்டு இருந்தன.

எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவரைத் தாண்டி ஏறினேன்.